வண்டில் நிற்க ஓர் இடம்

ஓர்ஸ் ஹில் சரிவிலிருந்து உட்துறைமுகத்தை நோக்கி இறங்கும் எங்கள் ஒழுங்கை பன்னிரண்டடி அகலம். அளந்து சொன்னவர் ஓய்வுபெற்ற தபாலதிபர் பாலசிங்கம். அவரை யாரும் அளக்கச் சொல்லவில்லை. வீட்டில் ஓர் அடிக்கோல் கிடந்தது, கையில் ஒரு முழுப் பகலும் கிடந்தது. மனுசன் வேறென்ன செய்வார்? ஒரு மாட்டு வண்டில் வந்தால் ஆள் ஒதுங்கலாம், இரண்டு வந்தால் ஒன்று பின்னுக்குப் போகவேண்டும், ஒரு லொறி வந்து நின்றால் ஆளும் இல்லை மாடும் இல்லை என்று நகரசபைக்கு மூன்று பக்கம் ஆங்கிலத்தில் எழுதிப் போட்டார்.

அவரை எழுத வைத்தது அன்னலட்சுமியின் சாப்பாட்டுக் கடை. கடை அப்போது திறந்திருக்கவே இல்லை. வேலிப் படலையடியில் பொதி கட்டி வைத்து விற்றாள், அவ்வளவுதான்.

நாற்பத்திரண்டாம் ஆண்டு சித்திரை வருடப்பிறப்புக்கு நாலைந்து நாள் இருக்கையில் ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டான். அன்றைக்கு அன்னலட்சுமியின் புருசன் இராசதுரை டொக்யார்டில் கப்பலுக்குக் கம்பிக் கயிறு முறுக்கிக்கொண்டு நின்றார். உயிர் தப்பியது, வலது கை மணிக்கட்டோடு போனது. கயிற்று வேலை இரண்டு கையும் கேட்கிற வேலை. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அவர் விறாந்தைக் கதிரையில் இருந்து, இடது கையால் சுருட்டுப் பற்ற வைக்கப் பழகினார். இரண்டு பெண் பிள்ளைகள். கூப்பன் அரிசி வெள்ளிக்கிழமை வந்தால் செவ்வாய்க்கிழமை பானை கழுவி வைத்தபடி இருக்கும்.

அதே நேரத்தில் ஊருக்குள் ஆள் வந்து குவிந்தது. யாழ்ப்பாணம், மலைநாடு, மலையாளம் என்று எங்கிருந்தெல்லாமோ டொக்யார்டுக்கும் சைனா பே எண்ணெய்த் தாங்கிகளுக்கும் வேலைக்கு வந்தார்கள். வேலை இருந்தது, சாப்பாடு இல்லை. அன்னலட்சுமி ஒரு நாள் விடியப்புறம் குரக்கன் புட்டு அவித்து, சூடைமீன் குழம்பு வைத்து, சம்பல் அரைத்து, தம்பலகாமத்துத் தாமரை இலையில் பத்துப் பொதி கட்டிப் படலையடியில் வைத்தாள். அரை மணித்தியாலத்தில் பத்தும் போய்விட்டது. அடுத்த கிழமை முப்பது. மரவள்ளிக்கிழங்கு அவித்துச் சேர்த்தாள்; அறுபது. கை நிறையப் புண், கண் நிறையப் புகை, ஆனாலும் அவள் முகத்தில் ஒரு வருடத்துக்குப் பிறகு களை வந்திருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

இருந்து சாப்பிட அவளிடம் இடமில்லை. அது ஒரு வகையில் வசதியாகத்தான் போனது. மேசை போட்டால் யார் பக்கத்தில் யார் இருந்தான், யார் குடித்த பேணியில் யார் குடித்தான் என்று ஆயிரம் சண்டை வரும். இலையில் கட்டிக் கையில் கொடுத்துவிட்டால் வாங்கினவன் கடலைப் பார்த்தபடி எங்கேயாவது இருந்து தின்றுவிட்டுப் போவான். ஆனால் வாங்குகிறவன் நடந்து வருவதில்லை. உப்புவெளிப் பக்கத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும் வண்டில்களும் லொறிகளும் காலையில் அவள் படலைக்கு முன்னால் நிற்கும். மாட்டை அவிழ்ப்பார்கள், மாடு சாணி போடும், பின்னால் வந்தவன் கத்துவான். கச்சான் காற்று அந்தச் சாணித் தூசியை நேரே பாலசிங்கத்தின் விறாந்தைக்குக் கொண்டுபோகும்.

நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. படலையில் வைத்து விற்கக்கூடாது. முறையான கடை என்றால் லைசன்ஸ் வேண்டும். அதற்கு நாலு காரியம்: புகைபோக வழி, மூடிய வாய்க்கால், கிணற்றிலிருந்து தள்ளிச் சமைக்க ஒரு குசினி. நாலாவது, வாங்க வருகிற வண்டில், லொறி ஒழுங்கையில் நிற்காமல் உள்ளே நிற்க விண்ணப்பக்காரரின் பாவனையில் ஓர் இடம்.

முதல் மூன்றையும் அன்னலட்சுமி செய்தாள். வளவின் பின்பக்கத்தில் களிமண் சுவர் வைத்து, கிடுகு வேய்ந்து, ஒரு கொட்டிலை எழுப்பினாள். இராசதுரை ஒற்றைக் கையால் மண் குழைத்தார். நாலாவதுக்கு இடம் எங்கே? அவர்கள் வளவில் வீடும் கிணறும் ஒரு முருங்கை மரமும் போக, ஒரு வண்டில் திரும்பக்கூட வழியில்லை.

ஒரு பின்னேரம் பாலசிங்கம் தன் படலையில் நின்றபோது அன்னலட்சுமி நேரே போய்க் கேட்டாள்.

"உங்களுக்கு நாங்கள் என்ன செய்தனாங்கள் ஐயா? புள்ளையள் ரெண்டும் பசியில கிடந்தா உங்களுக்குச் சந்தோசமோ?"

"அப்பிடிச் சொல்லாத அன்னம். உன்ர புட்டு நானும் வாங்கித் தின்னுறனான்."

"திண்டிட்டோ எழுதினீங்கள்?"

"ஓம், திண்டிட்டுத்தான் எழுதினனான்." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சால்வையில் துடைத்தார். "குண்டு விழுந்த அண்டைக்கு நீ ஆஸ்பத்திரியில துரையோட நிண்டனி. இஞ்ச நடந்தது உனக்குத் தெரியாது. என்ர மனுசி வள்ளியம்மாவுக்கு நெஞ்சடைச்சுப்போச்சு. ஊர் முழுக்கச் சாமானை ஏத்திக்கொண்டு ஓடுது. இந்த ஒழுங்கை வாயிலயிருந்து அடிமட்டும் வண்டில். ஒண்டுக்குப் பின்னால ஒண்டு, முன்னுக்கும் போக ஏலாது, பின்னுக்கும் போக ஏலாது. நான் அவளைக் கதிரையோட தூக்கிக்கொண்டு வேலி வேலியாப் பிச்சுக்கொண்டு போனனான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரேக்க அவள் இல்லை."

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டார்.

"கடையைப் போடு. நான் வேண்டாமெண்டேல்லை. வண்டில் மட்டும் ஒழுங்கையில நிக்கக்கூடாது. அவ்வளவுதான் என்ர கதை."

அந்த மனுசனை ஊரில் பாதிப் பேர் பெட்டிசன் பாலசிங்கம் என்று நக்கலடித்தோம். காரணம் தெரிந்த பிறகும் அடித்தோம் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அன்னலட்சுமியின் வளவுக்கு அடுத்த வளவு ஸெய்னுதீன் நானாவுடையது. நெல்லும் கருவாடும் வாங்கி விற்கிறவர். குண்டு விழுந்த மூன்றாம் நாள் மனைவி ஸாலிஹாவையும் மகள் அசனாவையும் கூட்டிக்கொண்டு கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணியில் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது ஸாலிஹா வீட்டுப் பூட்டின் திறப்பை அன்னலட்சுமியின் கையில் வைத்து, "கூட்டிப் பெருக்கி வெச்சிரு புள்ள. இது அசனாட ஊடு" என்றாள். எங்கள் பகுதியில் சோனகர் என்றாலும் தமிழர் என்றாலும் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஸெய்னுதீன் நானா பத்து வருடமாகக் கல்லுக் கல்லாகச் சேர்த்துக் கட்டிய வீடு அது. ஓட்டுக் கூரை, நாலு அறை, முன்னால் வண்டில் பத்து நிற்கக்கூடிய வெறும் வளவு. அன்னலட்சுமி சொன்ன சொல் தவறாமல் வெள்ளிக்கு வெள்ளி கூட்டி, சாம்பிராணிப் புகை காட்டிப் பூட்டி வைத்தாள்.

நகரசபை இன்ஸ்பெக்டர் வியாழக்கிழமை பார்வையிட வருவார் என்று செவ்வாய்க்கிழமை ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். அன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவள் புருசனிடம் கதையைத் தொடங்கினாள்.

"இஞ்சாருங்கோ, அந்தப் பக்கத்து வேலியில ஒரு பன்னிரண்டடியை எடுத்துவிட்டா என்ன?"

"ஆற்ற வேலி?"

"எங்கட வேலிதானே. போன வருசமும் நாங்கள்தானே அடைச்சம்."

"வேலி எங்கட. வளவு?"

"வளவைத் திண்டிடப் போறமே? சீதேவி மாமி வீட்டுக் கலியாணத்துக்கு ரெண்டு வளவு வேலியையும் எடுத்துத்தானே பந்தல் போட்டவை. முடிய அடைச்சுவிட்டினம். ஸாலிஹா ராத்தான்ர தம்பியின்ர சாவுக்கு எங்கட வேலியை எடுத்து விடேல்லையே?"

"அது அவையள் நிண்ட நேரம். கேட்டுச் செய்தது." இராசதுரை சுருட்டைக் கீழே வைத்தார். "கிண்ணியா அபூதாஹிர் நாளைக்குத் தயிர் கொண்டு வருவான். அவனிட்ட ஒரு சொல்லுச் சொல்லி விடு. வெள்ளிக்கிழமை மறுமொழி வரும்."

"இன்ஸ்பெக்டர் வியாழக்கிழமை வாறார்."

"அப்ப ஒரு கிழமை தள்ளிக் கேள்."

"தள்ளினா அடுத்த மாசக் கூட்டத்துக்குத்தான் போகும். இப்பவே பத்து நாளா அடுப்புப் பத்தேல்லை. அதுக்குள்ள நானா யோசிச்சுச் சொல்லுறன் எண்டு சொல்லிவிட்டா? வாடகைக்கு வேறை ஆரும் கேட்டிருந்தா? வேண்டாமெண்டு சொன்னா?"

"வேண்டாமெண்டு சொன்னா வேண்டாம்தான்."

அவள் சட்டிகளை எடுத்துக்கொண்டு எழும்பினாள். மறுநாள் அபூதாஹிர் வந்து தயிர்ச்சட்டியை இறக்கினான். ஊர்ப் புதினம் சொன்னான். அசனாவுக்கு மூதூரில் மாப்பிள்ளை பேசுகிறார்கள் என்றும் சொன்னான். அவள் தயிரை வாங்கினாள். நல்லது நல்லது என்றாள். வேலிக் கதையைச் சொல்லவில்லை. அன்று பின்னேரம் தானே கத்தியை எடுத்து வேலிக் கதியால் கட்டுகளை வெட்டினாள்.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். வெயிலில் வெந்து வந்த மனுசன், இளநீரைக் குடித்துவிட்டுக் கொட்டிலைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். எல்லாம் திருப்தி. பிறகு வேலி இருந்த இடத்தால் நடந்து அடுத்த வளவின் நடுவில் போய் நின்றார்.

"இடம் தாராளமாக் கிடக்கு. இதுவும் உங்கட பாவனையிலதானே?"

இராசதுரை தொண்டையைச் செருமினார். அன்னலட்சுமி முந்திக்கொண்டாள்.

"ஓம் ஐயா."

"இந்த வீட்டில ஆக்கள் இருக்கினமோ?"

"இப்ப இல்லை ஐயா."

அவர் புத்தகத்தில் எழுதினார். எழுதி முடித்து, லைசன்ஸ் இரண்டு கிழமையில் வரும் என்று சொல்லிச் சிரித்தார். வேலி திறந்து கிடந்தால் இரண்டு வீடும் நல்ல உறவு என்றுதான் எங்களுக்குப் படும். அவருக்கு ஒரே பாவனையில் உள்ள ஒரே வளவு என்று பட்டது. அன்னலட்சுமி சொன்ன இரண்டு மறுமொழியும் தனித்தனியே பார்த்தால் பொய்யும் இல்லை. கூட்டிப் பெருக்குகிறவள் அவள்தான்; வீட்டில் அப்போது ஆளும் இல்லை. அப்படித்தான் அவள் தன் மனதுக்கும் சொல்லிக்கொண்டாள்.

லைசன்ஸ் சொன்னபடி வந்தது. வண்டில்கள் ஸெய்னுதீன் நானாவின் வளவில் வரிசையாக நின்றன. ஒழுங்கை வெறுமனே கிடந்தது. பாலசிங்கம் காலையில் வந்து தன் பொதியை வாங்கிக்கொண்டு, "இப்பதான் கடை மாதிரிக் கிடக்கு" என்றார். பதினெட்டு நாள் அவளுக்கு நல்ல நாள்.

பத்தொன்பதாம் நாள் இரண்டு வெள்ளைக்காரர்களும் ஒரு தமிழ்க் கிளாக்கரும் ஜீப்பில் வந்தார்கள். கடைக்கு வரவில்லை. பக்கத்து வளவை நடந்து அளந்தார்கள். ஸெய்னுதீன் நானா வீட்டுக் கதவில் ஒரு கடதாசியை ஒட்டிவிட்டுப் போனார்கள். அன்னலட்சுமி மாக்கையோடு ஓடிப்போய்ப் பாலசிங்கத்தைக் கூட்டிவந்தாள். அவர் ஒரு தடவை மனதுக்குள் வாசித்தார். இரண்டாம் தடவையும் மனதுக்குள்தான் வாசித்தார்.

"என்ன ஐயா எழுதிக் கிடக்கு?"

"வீட்டையும் வளவையும் யுத்தத் தேவைக்கு எடுக்கினம். லொறி நிப்பாட்ட. வீட்டில றைவர்மார் இருப்பினமாம்."

"ஆற்ற வீட்டை ஆர் எடுக்கிறது? இந்த வீடு எப்பிடி அவையின்ர கண்ணில பட்டது?"

பாலசிங்கம் விரலை வைத்துக் காட்டினார். "நகரசபைப் பதிவின்படி, ஆளில்லாத வீடு, வாகனம் நிப்பாட்டுற வளவு. அப்பிடித்தான் கிடக்கு அன்னம். ஆள் இருக்கிற வீடுகளை இந்தமுறை எடுக்கேல்லையாம்."

அவள் அந்த வாசற்படியிலேயே குந்தினாள். கொட்டிலுக்குள் புட்டுப்பானை கொதித்து வற்றி அடிப்பிடிக்கிற மணம் ஒழுங்கை முழுக்க வந்தது. யாரும் போய் இறக்கவில்லை.

ஐந்தாம் நாள் கிண்ணியாவிலிருந்து ஸாலிஹாவும் ஸெய்னுதீன் நானாவும் வந்தார்கள். நோன்பு காலம். வெயிலில் நடந்து வந்த இருவருக்கும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவும் வழியில்லை. அதற்குள் வளவில் ஏழு லொறி நின்றது. வீட்டு விறாந்தையில் ஒருவன் காலுக்கு மேல் கால் போட்டுச் சவரம் செய்துகொண்டிருந்தான். ஸாலிஹா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒழுங்கையில் நின்றே பார்த்தாள்.

"பெருநாள் முடிய நிக்காஹ் வெக்கிறதெண்டு பேசி முடிச்சிட்டம்" என்றார் ஸெய்னுதீன் நானா. மெல்லிய குரல்காரர். "மாப்புள கலீலுர் றஹ்மான், மூதூர்ப் புள்ள, இங்க ஸ்டோர்ஸ்ல வேல. நல்ல ஆக்கள்தான். ஆனா ஊட்டப் பாத்துத்தான் ஓமெண்டவங்க. இப்ப ஊட்டக் காட்டுங்க, இல்லாட்டிப் பேச்ச நிப்பாட்டுவம் எண்டு செல்றாங்க. என்ட புள்ளக்கி இருவத்திமூணு வயசு."

ஸாலிஹா திரும்பினாள். "ஊரில எத்தின ஊடு பூட்டிக் கிடக்கு. எங்கட ஊட்ட மட்டும் ஆரு காட்டிக் குடுத்த?"

அன்னலட்சுமி யுத்தம் என்று சொல்லியிருக்கலாம். வெள்ளைக்காரன் என்று சொல்லியிருக்கலாம். அந்த நாளில் எல்லாக் குற்றத்தையும் தூக்கிப் போட அந்த இரண்டும்தான் இருந்தன. பாலசிங்கம்கூட அவள் வாயைப் பார்த்து, சொல்லாதே என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

"நான்தான் ராத்தா."

"என்ன?"

"நான்தான். வண்டில் நிக்க இடம் காட்டச் சொன்னவை. வேலியை வெட்டி உங்கட வளவைக் காட்டினனான். எங்கட பாவனை எண்டு சொன்னனான். வீட்டில ஆள் இல்லையெண்டும் நான்தான் சொன்னனான்."

ஸாலிஹா அழவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால் அன்னலட்சுமிக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியிருக்கும்.

"தெறப்பத் தா" என்றாள்.

அன்னலட்சுமி இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள். அந்தத் திறப்புக்கு இனி அங்கே வேலை இல்லை. கதவுப் பூட்டை லொறிக்காரர் உடைத்து வேறு போட்டிருந்தார்கள். ஸாலிஹா அதை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்குதுறைப் பக்கம் நடந்தாள். ஸெய்னுதீன் நானா ஒரு நிமிடம் நின்று, இராசதுரையின் இல்லாத கையைப் பார்த்தார். பிறகு அவரும் போனார்.

அடுத்த நாள் அன்னலட்சுமி பாலசிங்கத்தின் வீட்டுக்குப் போனாள். நடந்ததை அவள் தமிழில் சொல்லச் சொல்ல அவர் நகரசபைக்கு ஆங்கிலத்தில் எழுதினார். எழுதும்போது ஒரு இடத்தில் பேனையை நிறுத்தினார்.

"இதைக் குடுத்தா லைசன்ஸ் போகும். தெரியுமோ?"

"தெரியும்."

"வீடும் திரும்ப வராது. எடுத்தது எடுத்ததுதான்."

"அதுவும் தெரியும். வீடு நானான்ர எண்டு அந்தப் புத்தகத்தில இருக்க வேணும் ஐயா. எங்கட பேரில கிடந்தா யுத்தம் முடியேக்க அவைக்கு ஒண்டும் மிஞ்சாது."

அவர் எழுதி முடித்துத் தானும் சாட்சி என்று கையெழுத்து வைத்தார். பெட்டிசன் எழுதுகிற கையால் அந்த மனுசன் செய்த நல்ல காரியம் அது. அவர் சொன்னபடியே நடந்தது. பதிவில் ஸெய்னுதீன் நானாவின் பெயர் ஏறியது. யுத்தம் முடியும்வரை வீடு பட்டாளத்துக்கு என்றார்கள். பொய் இடம் காட்டியதால் லைசன்ஸ் இரத்து என்றார்கள். கடை மூடியது. லொறி ஏழு பதினைந்தாகி, வளவில் அடங்காமல் ஒழுங்கைக்கும் வந்து நின்றது. ஒரு வண்டிலுக்காக மூன்று பக்கம் எழுதிய பாலசிங்கம், பட்டாளத்துக்கு எந்த விலாசத்துக்கு எழுதுவது என்று தெரியாமல் விறாந்தையில் இருந்து பார்த்தார்.

 கடை மூடிய மூன்றாம் நாள் அன்னலட்சுமி அரிவாளில் மரவள்ளித் தோல் சீவிக்கொண்டு சொன்னாள்.

"நான் ஒண்டு யோசிச்சனான்."

"நீ யோசிச்சதெல்லாம் போதும்" என்றார் இராசதுரை.

"கேளுங்கோ. எங்கட வீட்டை அசனாவுக்குக் குடுப்பம். யுத்தம் முடியுமட்டும்."

அவர் சுருட்டை வாயிலிருந்து எடுக்க மறந்துபோனார். "நாங்கள்?"

"கொட்டில் கிடக்குதுதானே. சுவர் புதுசு. கிடுகும் புதுசு."

"மாரி வருது அன்னம். ரெண்டு பொம்பிளைப் புள்ளையளையும் கொண்டு அடுப்படியில படுக்கிறதோ? இது ஆற்ற வீடெண்டு யோசிச்சனியோ? மூத்தவளுக்குக் குடுக்கிற வீடு."

"மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயசு. அசனாவுக்கு இருபத்திமூண்டு. இது என்ர சீதன வீடு, அப்பு எனக்குத் தந்தது. குடுக்கிறதெண்டா நான்தான் குடுக்க வேணும்." அரிவாள் அவள் விரலில் பட்டு இரத்தம் வந்தது. அவள் பார்க்கவில்லை. "நீங்கள் அண்டைக்கே சொன்னீங்கள், கேட்டுச் செய் எண்டு. நான் கேக்கேல்லை. இதையாவது கேட்டுச் செய்யிறன். ஓமெண்டு சொல்லுங்கோ."

இராசதுரை எழும்பிப் போய்க் கொட்டிலின் வாசலைப் பார்த்தார். நல்ல மனுசன்தான், ஆனால் வீட்டைக் கொடு என்றால் நல்ல மனுசனுக்கும் வயிறு எரியும். கடைசியில், "கொட்டிலுக்கு ஒரு கதவாவது வைக்க வேணும்" என்றார். அதுதான் அவருடைய ஓம்.

அன்னலட்சுமி தோணியேறிக் குறிஞ்சாக்கேணிக்குப் போனாள். அசனா வாசலில் கண்டதும் "மாமி" என்று ஒரு அடி முன்னுக்கு வந்து, உம்மா உள்ளே இருப்பது நினைவுக்கு வந்து நின்றுவிட்டாள். ஸெய்னுதீன் நானா திண்ணைப்பாய் விரித்து இருக்கச் சொன்னார். அவள் இருக்காமல் நின்றே சொல்லி முடித்தாள். அவருக்குக் கண் கலங்கியது.

"ஒங்கட புள்ளகள் ரெண்டையும் வெச்சிக்கொண்டு என்னத்துக்கு இது? அல்லாஹ் எங்களுக்கு வேற வழி காட்டுவான்."

"வேறை வழி இருந்தா நான் வரமாட்டன் நானா. மூதூர் ஆக்களுக்கு ஒரு வீட்டைக் காட்ட வேணும். சின்ன வீடுதான். ஆனா ஓடு போட்டது, கிணறு நல்ல தண்ணி. யுத்தம் முடிய உங்கட வீடு உங்களுக்கு, எங்கட வீடு எங்களுக்கு. அவையிட்ட உள்ளதைச் சொல்லுங்கோ. நானும் வந்து சொல்லுறன்."

குசினிக்குள் சட்டி பானைச் சத்தம் நின்றது.  பிறகு ஸாலிஹாவின் குரல் வந்தது, ஆள் வரவில்லை.

"அசனா வருவாள். நான் வரமாட்டன்."

"ஸாலிஹா" என்றார் நானா.

"புள்ளட வாழ்க்கக்கி நான் குறுக்க நிக்கல்ல. அந்தப் படில என்ட கால் வெக்க ஏலா. அவ்வளவுதான்."

மூதூர்க்காரர் வந்து பார்த்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, சண்டைக் காலத்தில் ஓட்டு வீடு கிடைப்பதே பெரிது என்று ஒத்துக்கொண்டார். பெருநாள் கழிந்து பதினோராம் நாள் நிக்காஹ். இரவில் விளக்கேற்றக்கூடாத இருட்டடிப்புக் காலம் என்பதால் எல்லாம் பகலோடு முடியவேண்டும். பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் மாப்பிள்ளை ஊர்வலம் என்று குறித்தார்கள். முதல் நாளே அன்னலட்சுமி வீடு கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமிப் படங்களைத் துணியில் சுற்றிக் கொட்டிலுக்குக் கொண்டுபோனாள். சின்னவள் புது இடத்தில் படுக்கமாட்டேன் என்று அழுதாள். மூத்தவள் அழவில்லை, அது அன்னலட்சுமிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்று மாரியின் முதல் மழை தூறத் தொடங்கியிருந்தது. ஒழுங்கையில் லொறி முட்ட முட்ட நின்றது. பாலசிங்கம் மூன்று மணிக்கே கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கி, ஒவ்வொரு றைவராகப் பிடித்துத் தபாலதிபர் ஆங்கிலத்தில் பேசி, ஒவ்வொரு லொறியாகப் பின்னுக்கு எடுக்க வைத்தார். ஒழுங்கை வழிவிட்டது. பெண்கள் குரவை போட, குடை பிடித்தபடி மாப்பிள்ளை வந்து இறங்கினார். அசனாவின் சாச்சா மகன் படலையடியில் அவருக்குக் கால் கழுவி உள்ளே கூட்டிப் போனான்.

ஸாலிஹா படலைக்கு வெளியே நின்றாள். எல்லோருக்கும் உரத்த குரவை அவளுடையதுதான். மாப்பிள்ளையின் தாயைக் கையைப் பிடித்து வாங்க வாங்க என்று உள்ளே அனுப்பினாள், தட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே கொடுத்தாள், அவள் மட்டும் ஒழுங்கையிலேயே நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் உள்ளே இருந்தார்கள், மணமகளின் உம்மா லொறியின் மட்காட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மழையில் நனைந்தாள். ஓதுகிற சத்தம் வெளியே கேட்டபோது அவள் இரண்டு கையையும் ஏந்தினாள்.

கொட்டிலில் ஒதுங்கியிருந்த அன்னலட்சுமிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு ஓலைக் குடையை எடுத்துக்கொண்டு பின்பக்கத்தால் சுற்றி ஒழுங்கைக்கு வந்தாள்.

"ராத்தா, உள்ளுக்கு வாங்கோ. நான் அங்கால போய் நிக்கிறன். என்ர முகத்தில முழிக்க வேண்டாம். புள்ளைக்குப் பக்கத்தில போய் நில்லுங்கோ."

ஸாலிஹா குடையை வாங்கவில்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக அவள் முகத்தை நேரே பார்த்தாள்.

"ஒரு சொல்லுக் கேட்டிருந்தா என்ன அன்னம்? அபூதாஹிர் கிழமைக்கி ரெண்டு தரம் வந்தான். வண்டில விடு, மாட்டக் கட்டு, ஊட்டுக்குள்ள வெறகையும் போட்டு வெய் எண்டு செல்லியிருப்பன். இன்ஸ்பெக்டர் வாற அண்டு நானே வந்து என்ட வளவுதான் எண்டு நிண்டிருப்பன். ஆள் இரிக்கிற ஊடெண்டு எழுதியிருப்பான்."

"வேண்டாமெண்டு சொல்லிப்போடுவியளோ எண்டு பயந்திட்டன் ராத்தா."

 மகளின் வீடு போன அன்று அழாத ஸாலிஹா அப்போது அழுதாள்.

"என்னட்டயா ஒனக்குப் பயம் வந்த?"

 உள்ளேயிருந்து யாரோ மாப்பிள்ளை வீட்டாருக்குத் தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டார்கள். இரண்டு பெண்களும் மழையில் நின்றார்கள். குடை ஒருவருக்கும் பிடிக்கப்படாமல் அன்னலட்சுமியின் கையில் தொங்கியது.